குல்லாய்க்குள் இருந்த பிள்ளை

அந்தக் குழந்தை ஏன் வாயைத் திறக்கவில்லை?

அதற்குப் பிறகு யுத்தமே முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று வீட்டுக்காரர் பேப்பரைப் பார்த்துப் படித்துக் காட்டினார். என் கேள்விக்கு மட்டும் எந்தப் பேப்பரிலும் பதில் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி தூக்கிக்கொண்டு போகிறாள். நெற்றியிலும் மூக்கிலும் சுக்கை உரைத்துப் பூசுகிறாள். வாயில் கஷாயத்தை ஊற்றுகிறாள். மூன்று வயதுப் பிள்ளை, "நீ யார்?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அது கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சுகாதாரப் பாடத்தில் வகுப்பிலேயே முதல். அதனால் வந்த வினை என்னவென்றால், எந்தெந்த வியாதி எதெதனால் வரும் என்று எனக்குத் தெரியும். வராமல் தடுப்பது எப்படி என்ற பக்கம்தான் மறந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் படுப்பேன். அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். பார்த்தேனா என்று மறுபடியும் எழுந்திருப்பேன். ("நீ படுக்கிறதே எழுந்திருக்கத்தானே" என்பார் வீட்டுக்காரர்.) அவர் ரயில்வேயில் குமாஸ்தா. பட்டாபிராமில் வாடகை வீடு. விடிவதற்குள் வண்டியைப் பிடித்து மதராசுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். அப்போது எங்களுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் சரோஜா, ஆறு வயது. இளையவன் குமரேசன், மூன்று வயது.

குழந்தைகள் உள்ள வீட்டில் மார்கழி மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து வாசல் தெளிக்க வேண்டும், கோலம் போட வேண்டும், சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைக்க வேண்டும். நான் வைத்துவிட்டு உள்ளே வருவதற்குள் சரோஜா அந்தப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருப்பாள். நடுவில் குமரேசனுக்குச் சளி. கார்த்திகையில் ஆரம்பித்தால் மாசியில்தான் அவன் மூக்கு நிற்கும். அவனுக்குக் கஷாயம் கொடுப்பது ஒரு யாகம். ஒருவர் காலைப் பிடிக்க வேண்டும், ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் மூக்கைப் பிடிக்க வேண்டும். கடைசியில் பிடித்தவர்கள் எல்லோர் மேலும் கஷாயம் இருக்கும், அவன் வயிற்றில் மட்டும் இருக்காது.

இந்தச் சளி விஷயத்தில்தான் என் நாத்தனார் தலையிட்டார்.

பட்டம்மாள் அண்ணி, வீட்டுக்காரருடைய அக்கா. பூந்தமல்லியில் நிலம், நாலு மாடு என்று நன்றாக வாழ்கிறவர். அவருடைய பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து, தூக்கிக் கொஞ்ச வீட்டில் குழந்தை இல்லை. ஆடி மாதம் வந்திருந்தபோது குமரேசனைத் தூக்கிப் பார்த்தார். சந்தையில் கத்தரிக்காயை எடை பார்ப்பது போலக் கையில் வைத்து ஆட்டிவிட்டு, கீழே இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா லோகு, புள்ளயா இது? பஞ்சு மாதிரி கீது. பொத்திப் பொத்தி வெச்சிகினு பூஞ்சையாக்கி வெச்சிக்கீற. மார்கழிக்கு வருவேன். அப்பவும் இப்படியே கீறான்னா நான் தூக்கிகினு போயிடுவேன். ஒரு வருசம் எங்க ஊட்டுப் பாலைக் குடிச்சான்னா கன்னுக்குட்டி மாதிரி ஆயிடுவான்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "அக்கா சொல்றதும் சரிதான்" என்றார். அன்று ராத்திரி அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. (மறந்துதான் போனேன். ஆனால் மறந்ததற்காக வருத்தப்படவில்லை.)

ஆக, எனக்கு மார்கழி என்றால் ஒரு பரீட்சை. அதில் தேறாவிட்டால் பிள்ளை பூந்தமல்லிக்குப் போய்விடுவான். நான் ஆவணியிலிருந்தே படிக்க ஆரம்பித்துவிட்டேன். முட்டை கொடுத்தேன், துப்பினான். கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தேன், துப்பினான். மீன் எண்ணெய் கொடுத்தேன், அவன் துப்புவதற்கு முன் நான் ஓடிவிட்டேன்.

அந்த வருஷம் குளிர் அதிகம். பட்டாளத்துச் சாமான் இறக்குகிற ரயில்வே சைடிங்கில் கிழிந்துபோன கம்பளிகளை ஏலம் விட்டிருந்தார்கள். அதைத் துண்டு துண்டாகச் சந்தையில் விற்றார்கள். நானும் ஒன்று வாங்கி, பள்ளிக்கூடத்தில் கற்ற தையல் வீணாகக் கூடாதென்று, குமரேசனுக்கு ஒரு குல்லாய் தைத்தேன். சாதாரணக் குல்லாய் இல்லை. காதை மூடி, கழுத்தை மூடி, தாடையின் கீழ் முடிச்சுப் போடுகிற குல்லாய். கொஞ்சம் நெற்றியும் கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும். மிச்சத் துணியில் கழுத்தோடு கால்வரை ஒரு போர்வை. அதை மாட்டி வாசலில் நிறுத்தியதும் தெருவே கூடிவிட்டது. "எம் புள்ளைக்கும் ஒண்ணு தெச்சிக் குடும்மா" என்று ஒருத்தி துணியோடு வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ரயில் லைனுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மார்கழி பிறந்தபோது எங்கள் பக்கத்தில் இருந்த அத்தனை சின்னக் குழந்தைகளும், முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும், ஒரே மாதிரி சாம்பல் நிற மூட்டைகளாக இருந்தன. இதில் ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுகாதாரப் பாடத்தில் அது இல்லை.

அண்ணி வருவதாகச் சொன்ன நாள் வந்தது. பிள்ளையைப் பொத்தி வளர்க்கிறேன் என்றுதானே சொன்னார்? அவர் வந்து இறங்கும்போது, "குமரேசனா? இப்போதுதான் பனியில் பஜனைக்குப் போய்விட்டு வந்து தூங்குகிறான்" என்று அலட்சியமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் தெருக்கோடியில் பஜனைக் கோயில். விடியுமுன் தாளமும் கஞ்சிராவுமாகத் தெருக்களைச் சுற்றிவிட்டு, கோயிலுக்குத் திரும்பி வந்து பொங்கல் கொடுப்பார்கள். அந்தப் பொங்கலுக்காகவே லைனுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வந்துவிடும். சரோஜாவை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, குமரேசனைக் குல்லாய் போட்டு மூட்டை கட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன்.

போனதும் தூங்கிவிட்டான். கோயில் முன்னால் விரித்திருந்த ஜமக்காளத்தில் ஏற்கெனவே பல மூட்டைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஓரமாகத் தூணுக்குப் பக்கத்தில் அவனையும் படுக்கவைத்தேன். பொங்கல் எடுத்துக் கொடுக்க ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். நடுவில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் மூட்டை இருந்தது.

கியாஸ் லைட்டுக்குக் கிரோசின் கிடைக்காத யுத்த காலம். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு வேறு. ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு, அதற்கும் காகிதம் சுற்றியிருந்தது. பனி புகை மாதிரி இறங்கியிருந்தது. வீட்டுக்காரர் வண்டிக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் ஓடிவந்து, தூணுக்குப் பக்கத்தில் இருந்த மூட்டையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. 'தூங்குகிற குழந்தை கனக்கும்' என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் இருட்டு. அடுப்பு வெளிச்சம்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே குனிந்து பிள்ளையின் முதுகைத் தட்டினார். "பையன் கொஞ்சம் பூசினாப்ல இருக்கானே!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வண்டிக்கு ஓடினார். (இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அவர் தன்னை நல்லவர் மாதிரிக் காட்டிக்கொண்டார்.)

பனியில் தூங்க வைத்துவிட்டேனே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. சுக்கை உரைத்து, குல்லாய்க்கு வெளியே தெரிந்த நெற்றியிலும் மூக்கிலும் தடிமனாகப் பூசினேன். துளசிக் கஷாயத்தை ஆற்றி எடுத்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராக உதட்டில் வைத்தேன். மடக் மடக் என்று குடித்துவிட்டது. குடித்துவிட்டு, இன்னும் உண்டா என்பது போல வாயைத் திறந்தபடியே இருந்தது.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவணியிலிருந்து பட்ட பாட்டுக்குப் பலன்! அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. கஷாயத்தை எதிர்க்கத் தெம்பில்லாத அளவுக்கு உடம்பு முடியவில்லையோ? தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. சுடாமல் வருகிற காய்ச்சலோ? அப்படி ஒன்று உண்டா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் குதிரை ஜட்கா வந்து நின்றது.

அண்ணி மூட்டை முடிச்சோடு இறங்கினார். "எங்க எம் மருமவன்?" என்றார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "பஜனைக்குப் போயிட்டு வந்தான் அண்ணி. கஷாயம்கூடக் குடிச்சிட்டான்."

"குமரேசனா? கஷாயமா?" என்று மூக்கில் விரலை வைத்தார். "சரி, நீ போய் அடுப்பப் பாரு. புள்ளய நான் பாத்துக்கறேன்."

நானும் மகராசியாக அடுப்படிக்குப் போய்விட்டேன். முகத்தை நான் ஏன் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே பார்ப்பது? குளிருக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தேன். முகத்தில் பாதி குல்லாய், மீதி சுக்கு. அதற்கு மேல், பிள்ளை அண்ணியின் மடியில் இருந்தான். அடுப்பில் இட்டிலி வெந்துகொண்டிருந்தது. வாசலில் பால்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கூடத்திலிருந்து அண்ணியின் குரல் மட்டும் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் தேனாகப் பாய்ந்தது.

"அடி லோகு, இட்டிலி எத்தினி தின்றான் பாரு! இன்னும் ரெண்டு கொண்டா... நெய்ய ஊத்து, பயப்படாத... தொடையப் பாரு, கல்லு மாதிரி! நான் சொன்னதுல ரோசம் வந்துடிச்சி பாரு உனக்கு... இந்த நெத்தி, இந்த மூக்கு, அப்படியே எங்க நைனா! நைனா செத்து எத்தினி வருசம் ஆச்சி, இப்ப எதிர்ல உக்காந்துகினு இட்டிலி துன்றாரு!"

மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. அப்பாவை நினைத்து அழுகிறார் என்று நானும் இன்னும் இரண்டு இட்டிலி எடுத்து வைத்தேன்.

சரோஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். கூடத்தை எட்டிப் பார்த்தாள். என்னிடம் வந்தாள்.

"அம்மா, அது யாரு?"

"அத்தை வந்திருக்காங்க. போய்க் கும்பிடு."

"அத்தை மடியில யாரு?"

"தம்பிதான்டி! தூக்கக் கலக்கம் போகலையா உனக்கு? போய்ப் பல்லைத் தேய்."

அவள் போய்ப் பல்லைத் தேய்த்தாள். அந்த வீட்டில் அன்று காலை கண் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளைக் கிணற்றடிக்கு அனுப்பியது நான்.

நன்றாக விடிந்துவிட்டது. "வா, தலைக்கு எண்ணெ வெக்கலாம்" என்று அண்ணி பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குல்லாயின் முடிச்சை அவிழ்த்தார். உடனே ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எனக்குக் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. ஓடினேன்.

குல்லாய்க்குள் மொட்டைத் தலை.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? 'ஐயோ, இது வேறு பிள்ளை' என்றுதானே? எங்கள் குடும்பத்தில் அப்படி நினைப்பதற்கு முன்னால் நினைக்க வேண்டியது ஒன்று இருந்தது. குமரேசனுக்கு இன்னும் முதல் மொட்டை போடவில்லை. குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, அத்தை சீர் வைத்து, சொந்தக்காரர்கள் எல்லோரையும் அழைத்துச் செய்ய வேண்டிய விசேஷம் அது.

"என்னைக் கூப்புடாத மொட்ட போட்டுட்டியா!" என்றார் அண்ணி. "எங்க போட்ட? யாரு மடியில வெச்சிப் போட்ட? உங்க அண்ணன் மடியிலதான? உம் பொறந்த ஊட்டாளுங்களுக்கு மட்டும் சொல்லிட்டு, அத்தக்காரி ஒருத்தி உசிரோட கீறத மறந்துட்டியா? அதுவும் மார்கழி மாசத்துல! யாராவது மார்கழியில மொட்ட போடுவாங்களா?"

"சத்தியமா நான் போடல அண்ணி!"

"நீ போடலன்னா தானா கொட்டிடிச்சா?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு கணம் அதையும் யோசித்தேன். கடும் ஜுரத்தில் முடி கொட்டும் என்று பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அடுத்த கணம், வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் எங்கேயாவது வேண்டுதல் வைத்துவிட்டாரோ என்று தோன்றியது. எப்போது கூட்டிக்கொண்டு போனார்? நேற்றுச் சாயங்காலம் நான்தானே தலை வாரினேன்? வாரினேனா?

இதற்குள் அண்ணி பிள்ளையின் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்னைவிடப் பெரிய சத்தம் போட்டார்.

"காதும் குத்திட்டியா!"

இரண்டு காதிலும் சின்னதாகக் கடுக்கன்.

"மொட்டையும் போட்டு, காதும் குத்தி, பொங்கலும் வெச்சி, கிடாவும் வெட்டித் தின்னுட்டு, எங்கிட்ட பஜனைக்குப் போனான்னு கத சொல்றியா? வரட்டும் எந்தம்பி!"

கிணற்றடியிலிருந்து வந்த சரோஜா, வாயெல்லாம் பற்பொடியாக, நிதானமாகச் சொன்னாள்: "நான் அப்பவே கேட்டேனே. அது தம்பி இல்ல."

நாங்கள் இருவரும் பிள்ளையைப் பார்த்தோம். முந்தானையால் சுக்கைத் துடைத்தேன். அடியில் உருண்டையான, கறுத்த, அழகான ஒரு முகம் வந்தது. என் வாழ்நாளில் நான் பார்த்தே இராத முகம். அது என்னைப் பார்த்துச் சிரித்தது. கையில் பாதி இட்டிலி.

அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. இது யாரோ என்றால், என் பிள்ளை எங்கே?

இந்த இடத்தில் வேடிக்கையாக எழுத எனக்குக் கை வரவில்லை. கோயிலுக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தூணைச் சுற்றிப் பார்த்தேன். பொங்கல் அண்டாவுக்குள்கூடப் பார்த்தேன். பக்கத்தில்தான் ரயில் பாதை, ராப்பகலாக ஓடுகிற பட்டாளத்து லாரிகள், மழை பெய்து நிறைந்த குட்டைகள். ஒவ்வொன்றும் என் கண் முன்னால் வந்து போயிற்று. அண்டா கழுவிக்கொண்டிருந்த ஒருவர், "லைனுக்கு அந்தப் பக்கத்து ஜனங்க விடியறப்பவே புள்ளைங்கள தூக்கிகினு பூட்டாங்கம்மா. நெமிலிச்சேரி ரோட்டுல போய்ப் பாரு" என்றார்.

ஜட்காவோடு அண்ணி பின்னாலேயே வந்துவிட்டார். இடுப்பில் அந்தப் பிள்ளை. "ஏறு" என்றார். அவ்வளவுதான். வழியெல்லாம் அந்தப் பிள்ளையின் மொட்டையைத் தடவிக்கொண்டே வந்தார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இப்படிப்பட்டவளிடம் பிள்ளையை விட்டுவைப்பாரா? கிடைத்தாலும் எனக்கில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கிடைத்தால் போதும், பூந்தமல்லிக்கே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பட்டாளத்துச் சாமான் வண்டி ஒன்று, தார்ப்பாய் போர்த்த லாரிகளை ஏற்றிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்து, சரியாக எங்கள் எதிரில் நின்றுவிட்டது. முதலும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. நான் குனிந்து அடியில் நுழையப் போனேன். கேட்டுக்காரர் ஓடிவந்து தடுத்தார்.

"யம்மா! இன்னா பண்ற? நவுந்துச்சின்னா நசுங்கிடுவ!"

"எப்ப நகரும்?"

"பட்டாளத்து வண்டிம்மா. என்னக் கேட்டுகினா ஓட்றாங்க?"

ஜப்பான்காரனை ஜெயிக்கப் போகிற வண்டி அன்றைக்கு என்னைத்தான் முதலில் ஜெயித்தது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு கூட்டம் நின்றிருந்தது. கூட்டத்தின் முன்னால் ஒரு பெண். அவள் இடுப்பில் ஒரு சாம்பல் நிறக் குல்லாய்.

"குமரேசா!"

குல்லாய் திரும்பியது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் பிள்ளைதான்! அந்த மூக்கை அத்தனை சந்தோஷமாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அம்மா!" என்று கத்தினான். "கன்னுக்குட்டி!"

அந்தப் பெண் பெட்டிகளுக்கு நடுவே குரல் கொடுத்தாள். "இன்னாம்மா, உம் புள்ளயா இது?"

"ஆமா! ஆமா! என் புள்ளதான்!"

"நல்லாப் பாத்துச் சொல்லு! காலையில இப்படித்தான் பாக்காத எத்துகினு பூட்ட!"

அந்தப் பக்கம் சிரிப்பு. இந்தப் பக்கம் கேட்டுக்காரரும் சிரித்தார். ஜட்காக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குதிரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எம் புள்ள எங்க?" என்றாள் அவள்.

அண்ணி அந்தப் பிள்ளையை இரண்டு கையாலும் உயரத் தூக்கிக் காட்டினார்.

"அய்ய! அவன் மூஞ்சில இன்னாத்தப் பூசி வெச்சிக்கீறீங்க?"

"சுக்கு!" என்று கத்தினேன்.

"இன்னாத்துக்கு?"

சுகாதாரப் பாடம் முழுவதையும் ரயிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எப்படிக் கத்திச் சொல்வது?

வண்டி நகர்ந்து, கேட் திறந்து, அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். எல்லம்மா என்று பெயர். சைடிங்கில் பாரவண்டி ஓட்டுகிறவரின் மனைவி. ஐந்து பிள்ளைகள், ஒரு கன்றுக்குட்டி. உருண்டு தூணோரம் வந்திருந்த அவள் பிள்ளையை நான் அள்ளிக்கொண்டு போக, அவளுடைய பெரிய பெண், ஜமக்காளத்தில் மிச்சமிருந்த குல்லாயைத் தம்பி என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டில் தலை எண்ணிக்கை சரியாக இருந்ததால் எல்லம்மா கவனிக்கவில்லை. கூழ் ஊற்றும்போதுதான் தெரிந்திருக்கிறது.

"நீ யாருடான்னு கேட்டேன். 'நான் குமரேசன், எங்கப்பா ரயில்ல போவாரு'ன்றான். இந்த ஊர்ல ரயில்ல போவாத அப்பன் யாருடா கீறான்னேன். சரி, இந்தக் குல்லாவத் தெச்ச அம்மாவக் கேட்டா ஊட்டக் கண்டுபுடிச்சிடலாம்னு வந்துகினே கீறேன்."

"குல்லாயைத் தச்சது நான்தான்" என்றேன்.

எல்லம்மா அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

குமரேசன் என்னிடம் தாவி வந்தான். முத்தமிட்டேன். வாயெல்லாம் கேழ்வரகுக் கூழ். "ரெண்டு வாட்டி வாங்கிக் குடிச்சான்மா, வெங்காயத்தக் கடிச்சிகினு" என்றாள் எல்லம்மா. நான் மாதக்கணக்கில் கெஞ்சியும் உள்ளே போகாத கேழ்வரகு! என் பிள்ளை கிடைத்த சந்தோஷத்தின் நடுவிலும் அது சுருக்கென்று குத்தியது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதும் அந்த மொட்டைப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. "ஊமையா பாவம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஏழுமலையா? ஊமையா? ஊட்ல இவன் பேசுற பேச்சுக்குக் காக்கா கூட ஒக்காராதே!"

அண்ணியின் இடுப்பிலிருந்து அம்மாவின் இடுப்புக்கு மாறினான் பாருங்கள், மடை திறந்தது. "யம்மா, அந்தம்மா காரமாத் தண்ணி குடுத்தாங்க. மூஞ்சில பூசுனாங்க. இந்தப் பெரீம்மா நெய் ஊத்தி இட்டிலி குடுத்தாங்க. நான் இவங்க நைனா மாதிரியே கீறேனாம். அழுதாங்க. அப்பால எம் மொட்டையப் பாத்துட்டு இந்தம்மாவத் திட்னாங்க."

எல்லம்மா அண்ணியைப் பார்த்தாள். கேட்டுக்காரர் அண்ணியைப் பார்த்தார். குதிரைகூடப் பார்த்தது போல இருந்தது. அண்ணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வெளிச்சம் பத்தல" என்றார்.

சாயங்காலம் அவர் வண்டியை விட்டு இறங்கி வாசலில் கால் வைப்பதற்குள் சரோஜா முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பெத்த பிள்ளையை அடையாளம் தெரியலையா?" என்றார். காலையில் முதுகைத் தட்டி, பூசினாப்ல இருக்கான் என்று யார் சொன்னது என்று கேட்டேன். வண்டிக்குப் போகிற அவசரம் என்றார். அவருக்கு வண்டி, அக்காவுக்கு வெளிச்சம். எனக்குத்தான் சாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அண்ணி ஊருக்குப் புறப்படும்போது நான் குமரேசனின் துணிகளை மடித்துத் தயாராக வைத்திருந்தேன். அவர் அந்த மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையை என் பக்கமே தள்ளினார். தம்பியிடம் சொன்னார்: "புள்ள அவங்கம்மாகிட்டயே இருக்கட்டும்டா. வேத்துப் புள்ளயவே இந்தக் கவனிப்புக் கவனிக்கிறா."

அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பிள்ளை என்னிடமே இருந்தான்.

தை மாதம் முறைப்படி குமரேசனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். அண்ணி தட்டில் இரண்டு செட் துணி கொண்டுவந்தார். ஒன்று ஏழுமலைக்கு. நைனா ஜாடை என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டதே, பின் என்ன செய்வார்? இப்போதும் பொங்கலுக்குப் பூந்தமல்லியிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கரும்பு வருகிறது. ஏழுமலையைக் கண்டால் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "லோகு, உன் மாமனார் வர்றார், வழிவிடு" என்கிறார். குமரேசனோ, நான் திட்டினால் குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டு, "எல்லம்மா வூட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடைக்குட்டி வனஜாவுக்கு இப்போது மூன்று வயது. இந்த மார்கழிக்குப் பஜனைக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அனுப்பாவிட்டால் பொத்தி வளர்க்கிறேன் என்று பூந்தமல்லியிலிருந்து சொல் வரும். அனுப்பினால் எனக்கு உயிர் போகும். கன்றுக்குக் கட்டுகிற மாதிரி கழுத்தில் மணி கட்டிவிடு என்கிறார் வீட்டுக்காரர். கையில் பெயரைப் பச்சை குத்திவிடு என்கிறார் அண்ணி. "தொலஞ்சா எங்க ஊட்லதான் கெடக்கும், ஏம்மா பயப்படற?" என்கிறாள் எல்லம்மா. மணி கட்டினால் தூங்கும்போது கழுத்தை உறுத்துமா? பச்சை குத்தினால் சீழ் வைக்குமா? இந்தப் பத்திரிகையைப் படிக்கிற, பிள்ளைகளை வளர்த்து அனுபவப்பட்ட சகோதரிகள், மார்கழி பிறப்பதற்குள் தங்களுக்குத் தோன்றிய வழியை எழுதி உதவும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

தூக்கும்போது முகத்தைப் பார்த்துத் தூக்கு என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். அதைச் சரோஜா தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.